ஜாஸ் பாட்டின் கார்டு (chord) வரிசையைப் பிரித்துப் பார்த்து வாசிப்பது எப்படி?

நெல்லைச் சீமையில் ஜாஸ் வாசிக்க ஆசைப்படும் கீபோர்டு கலைஞர்கள் பலர், ஒவ்வொரு கார்டுக்கும், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்துக்கும், ஒரு ஸ்கேலை (சுர வரிசையை) மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்குகிறார்கள். அது சுற்றுவழி. பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ பாடகர் குழுவில் நின்று, டோ, ரே, மீ எனச் சுரங்களைப் பெயரிடும் சோல்ஃபா பார்த்து, நடுக்குரல்களான ஆல்டோவோ டெனரோ பாடியவருக்கு இதற்கு வேண்டிய காது ஏற்கெனவே இருக்கிறது.

ஜோசஃப் கோஸ்மா இசையமைத்த ‘ஆட்டம் லீவ்ஸ்’ பாடலை எடுத்துக்கொள்வோம். 32 பார் (தாளச் சுற்று) கொண்டது. ஜி மைனரில் அதன் முதல் எட்டு பார்களில் சி மைனர் 7, எஃப் 7, பி ஃபிளாட் மேஜர் 7, ஈ ஃபிளாட் மேஜர் 7, ஏ ஹாஃப் டிமினிஷ்டு, டி 7 ஆகியவை வரிசையாக வந்து, கடைசி இரண்டு பாரும் ஜி மைனரில் நிற்கின்றன. பி ஃபிளாட்டை ‘டோ’ என்று வைத்து பாஸ் குரலை, அதாவது ஒவ்வொரு கார்டின் அடிச்சுரத்தை, பாடிப் பாருங்கள்: ரே, ஸோ, டோ என்று மேஜரில் ஒரு முடிப்பு, டீ, மீ, லா என்று மைனரில் இன்னொரு முடிப்பு, இரண்டுக்கும் நடுவே பாலமாக ஒரு ஃபா. ஏழு கார்டுகளாகத் தெரிந்தது இரண்டு வாக்கியங்களாகச் சுருங்கிவிட்டது.

அடுத்து, ஒவ்வொரு கார்டின் மூன்றாம் சுரத்தையும் ஏழாம் சுரத்தையும் மட்டும் வலது கையில் பிடியுங்கள். முதல் கார்டில் ஃபாவும் டோவும் கிடைக்கும். எஃப் 7 வரும்போது ஃபா அசையாமல் இருக்க, டோ மட்டும் டீக்கு இறங்கும். பி ஃபிளாட்டில் டீ அப்படியே இருக்க, ஃபா மீக்கு இறங்கும். பாமாலைகளில் ஆல்டோவும் டெனரும் செய்யும் வேலையே இது. மைனர் பகுதியில், ஏ ஹாஃப் டிமினிஷ்டுக்கு ரேயும் லாவும் பிடித்த கை, டி 7 வந்ததும் லாவை ‘ஸே’க்கு, அதாவது எஃப் ஷார்ப்புக்கு, இறக்க வேண்டும். அந்த ஒரு சுரம் பி ஃபிளாட் மேஜர் ஸ்கேலில் இல்லாதது. அதைத் தவறவிட்டால் எவ்வளவு வேகமாக வாசித்தாலும் கார்டு மாறியது கேட்பவருக்குப் புரியாது.

இந்த இரு குரல்களையும் வாயால் பாட வந்த பிறகே கற்பனையை, அதாவது அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பதை, தொடங்குங்கள். பாரின் முதல் தட்டில் அவற்றில் ஒன்றில் வந்து இறங்குவதை மட்டும் விதியாகக் கொண்டு, இடைப்பட்ட தட்டுகளை விருப்பம்போல் நிரப்பலாம். முதல் எட்டு பார் அப்படியே ஒருமுறை திரும்பி வரும். மூன்றாம் எட்டில் மைனர் வாக்கியம் முதலிலும் மேஜர் வாக்கியம் பின்னும் வரும். கடைசி எட்டில் மட்டும் கார்டுகள் நெருக்கமாக இறங்குவதால் அதைத் தனியே, மெதுவாகப் பழகுவது நல்லது.

இதே பாடல் ஈ மைனரிலும் அச்சாகிக் கிடைக்கிறது. சுருதியைத் தானே மாற்றித்தரும் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தொடாமல், ஜி-யை ‘டோ’ என்று வைத்து அதையும் கையாலேயே வாசியுங்கள்.