கப்பல் ஹிலோவில் நிற்கும் பத்து மணி நேரத்தில் கிலாவேயா எரிமலையைப் பார்த்துத் திரும்புவது எப்படி?

ஹவாயின் பெரிய தீவில் பயணக் கப்பல்கள் இரண்டு இடங்களில் நிற்கும். கிழக்கே ஹிலோ, மேற்கே கோனா. எரிமலை பார்க்க ஹிலோதான். கோனாவில் பெரிய கப்பல் கரையை ஒட்டாது; தள்ளி நங்கூரம் போட்டுச் சிறு படகில் ஆளை இறக்குவார்கள். அந்த வரிசையிலேயே பாதிக் காலை போய்விடும். பிறகு கிலாவேயா இருக்கும் தேசியப் பூங்காவுக்குப் போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஹிலோவில் கப்பலை நேராகத் துறைமேடையில் கட்டுவார்கள். அங்கிருந்து பூங்கா சுமார் 48 கிலோமீட்டர், முக்கால் மணி நேரப் பயணம். காலை 8 முதல் மாலை 6 வரை கப்பல் நிற்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

1. கிளம்பும் முன்

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அமெரிக்க விசா வேண்டும் என்பது தெரிந்ததே. தெரியாதது இன்னொன்று. அமெரிக்காவில் தொடங்கி அங்கேயே முடியும் பயணமானால், வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். 1886ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து போகும் கப்பல்கள் அதற்காகவே பெரும்பாலும் மெக்சிகோவின் என்செனாடாவில் கொஞ்ச நேரம் நிற்கின்றன. நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்ப நுழைவதாகிவிடுவதால், உங்களுடையது பலமுறை நுழையும் விசாவா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது எரிமலையின் நிலவரம். ஹவாய் எரிமலை ஆய்வகம் 1912 முதல் இயங்குகிறது. அன்றாட நிலவரத்தையும் நேரடிக் கேமராக் காட்சிகளையும் இணையத்தில் போடுகிறது. 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கிய வெடிப்பு விட்டு விட்டு வந்தது: சில மணி நேரம் லாவா ஊற்றாகப் பீய்ச்சும், பிறகு நாள்கணக்கில் அடங்கிக் கிடக்கும். ஆகவே உங்கள் கப்பல் வரும் நாளில் லாவா தெரியும் என்று யாரும் உறுதி தர முடியாது. தருகிறேன் என்று சொல்லி டிக்கெட் விற்பவரிடம் வாங்காதீர்கள். லாவாவின் செந்நிற ஒளி இருட்டில்தான் எடுப்பாகத் தெரியும், அப்போது நீங்கள் கப்பலில் இருப்பீர்கள். லாவா இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டியது ஒரு பகலுக்கு மேல் இருக்கிறது.

2. எதில் போவது

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் விலை கூடுதல், ஒவ்வோர் இடத்திலும் நிற்கும் நேரம் குறைவு. ஆனால் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். முதல்முறை போகிறவர்கள், வயதானவர்களோடு போகிறவர்கள் இதையே எடுக்கலாம்.

வாடகைக் கார்தான் நிறைவான வழி. கார் எடுக்கும் இடம் ஹிலோ விமான நிலையம், துறைமுகத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். கப்பல் வந்த காலையில் எல்லாரும் ஒரே கவுண்டரில் நிற்பார்கள். முன்பதிவு இல்லையென்றால் கார் கிடைக்காது, இருந்தாலும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதை இடப்பக்கம் பழகியவர்கள் மறந்துவிட வேண்டாம்.

செயலியில் கார் பிடித்துப் போவதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். போக வண்டி வரும். திரும்பி வர மலைமேல் வண்டி இருக்காது, பல இடங்களில் சிக்னலும் இருக்காது. அரசுப் பேருந்து இருக்கிறது, ஆனால் நாளுக்குச் சில நடைகள்தான். கப்பல் நேரத்துக்கு அது ஒத்துவராது.

3. பையில் என்ன

எரிமலை உச்சி சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையை விட ஏழெட்டு டிகிரி குளிரும், மழை எப்போது வேண்டுமானாலும் வரும். கப்பலில் இருந்து அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக இறங்கி வந்து நடுங்குகிறவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். மழைச் சட்டை, மூடிய ஷூ, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், டார்ச், கிரெடிட் கார்டு. நுழைவாயிலில் ரொக்கம் வாங்குவதில்லை. காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பாக்கெட் பிரிக்காத தின்பண்டம் கொண்டுபோவது நல்லது. கப்பல் பழங்களை மட்டும் தொடாதீர்கள். அவற்றை வெளியே கொண்டுவர விவசாயச் சோதனையில் விட மாட்டார்கள்.

4. பூங்காவுக்குள்

9:15க்குக் கார் கையில் வந்தால் 10 மணிக்கு உள்ளே இருக்கலாம். நுழைந்ததும் நேராகக் கிலாவேயா இக்கி பள்ளத்துக்குப் போங்கள். அங்கே கார் நிறுத்தும் இடம் நிரம்பிவிட்டால் பிறகு சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

1959இல் இந்தப் பள்ளத்தில் லாவா 580 மீட்டர் உயரம் வரை பீய்ச்சியது. அது தேங்கி இறுகிய தளத்தின் மேல் இன்று நடந்து போகலாம். 5.3 கிலோமீட்டர் வட்டப் பாதை, 120 மீட்டர் இறக்கம், அதே அளவு ஏற்றம். இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். மேலே ஓஹியா மரக்காடு, கீழே விரிசல் விட்ட கருந்தரை. விரிசல் ஓரங்களில் ஓஹியாக் கன்று முளைத்துச் சிவப்பாகப் பூத்து நிற்கும். மழை பெய்தால் தரையிலிருந்து ஆவி எழும். அடுக்கி வைத்த கற்குவியல்கள்தான் வழிகாட்டி. நீங்களும் ஆசைக்கு ஒன்று அடுக்காதீர்கள், மூடுபனியில் வருகிறவர் அதை நம்பி வழி தவறுவார். பாதை தொடங்கும் இடத்தில் ஷூவைத் துடைக்கப் பிரஷ் வைத்திருந்தால் அவசியம் துடையுங்கள். ஓஹியாவைக் கொல்லும் பூஞ்சை நோய் மண்ணோடு ஒட்டிப் பரவுகிறது.

முட்டிவலி இருந்தால் இறங்க வேண்டாம். விளிம்பிலிருந்தே முழுப் பள்ளமும் தெரியும். அதே விளிம்புப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் நாஹுகு லாவாக் குகை. மேலோடு இறுகி, உள்ளே ஓடிய லாவா வடிந்துபோனதால் உண்டான குழாய் இது. வயது சுமார் 500 ஆண்டு. விளக்கு இருக்கிறது. காலடியில் தண்ணீர் தேங்கியிருக்கும்.

ஒன்றரை மணிக்கு நீராவித் துளைகளுக்குப் போங்கள். மழைநீர் சூடான பாறைவரை இறங்கி ஆவியாகத் திரும்பி வரும் இடம். மூக்குக் கண்ணாடி நொடியில் மங்கும். சுற்றிலும் மரமே இல்லை, புல்தான்: வேர் ஆழம் போனால் வெந்துவிடும். அங்கிருந்து விளிம்புவரை நடந்தால் ஹலேமாவுமாவு பள்ளம் விரியும். 2018இல் தரை சரிந்து சுமார் 500 மீட்டர் ஆழம் கூடியது இங்கேதான். நெருப்புத் தெய்வம் பேலேயின் வீடு இது என்பது ஹவாய் மக்களின் நம்பிக்கை. கல்லை எடுத்துப் பையில் போடாதீர்கள், சட்டப்படி குற்றம்.

கந்தக வாயு அடிக்கும் நாளில் ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பள்ளத்தின் பக்கம் போக வேண்டாம். லாவா பீய்ச்சிய நாள்களில் பொன்னிற முடி போன்ற கண்ணாடி இழைகள் காற்றில் வந்து விழும். பேலேயின் கூந்தல் என்று பெயர். கையால் தொட்டால் தோலில் குத்தும், கண்ணில் பட்டால் ஆபத்து. காரின் முன்கண்ணாடியில் படிந்திருந்தால் வைப்பரைப் போடாதீர்கள், கீறல் விழும். தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பள்ளங்களின் சாலை என்ற பெயரில் கடல்வரை இறங்கும் பூங்காச் சாலை ஒரு வழிக்கே 30 கிலோமீட்டர். கிலாவேயா இக்கியில் இறங்கி நடந்தவர்கள் அதை விட்டுவிட வேண்டும். இரண்டையும் பிடிக்க நினைத்தால் இரண்டுமே அரைகுறையாகும்.

5. திரும்புதல்

2:30க்குப் பூங்காவை விட்டுக் கிளம்பிவிடுங்கள். 3:15க்கு ஹிலோ, பெட்ரோல் போட்டுக் காரை ஒப்படைக்க 4 மணி, கப்பலில் 4:30. கப்பல் கிளம்புவது 6 மணிக்கு என்றாலும் கடைசியாக ஏற வேண்டிய நேரம் அரை மணியோ ஒரு மணியோ முன்னதாகவே இருக்கும். கப்பலில் தரும் அன்றைய அறிக்கைத் தாளில் அதைப் பார்த்து, துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது.

நேரம் மிஞ்சினால் ஹிலோ ஊருக்குள்ளேயே 24 மீட்டர் உயர ரெயின்போ அருவி. காரிலிருந்து இறங்கினால் சில அடிகளில் தெரியும். இல்லையென்றால் உழவர் சந்தை. புதனும் சனியும் கூட்டம் அதிகம், பருவத்தில் ரம்புட்டான் குவிந்திருக்கும். பழத்தோடு ஏறப் பெரும்பாலான கப்பல்களில் விட மாட்டார்கள். வாங்கியதை அங்கேயே உரித்துத் தின்றுவிட்டு ஏறுங்கள்.