பறைக் குழுவை விழாவுக்கு அழைக்கும் முன்

கல்லூரித் தமிழ் மன்றமானாலும் ஊர்ப் பொங்கல் விழாக் கமிட்டியானாலும் பறைக் குழுவை அழைப்பதில் செய்கிற தவறு பெரும்பாலும் ஒன்றுதான். சிறப்பு விருந்தினரை வாசலிலிருந்து மேடைவரை பறையடித்துக் கூட்டிவரச் சொல்கிறார்கள்; அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் "போதும், நிறுத்துங்க" என்று கைகாட்டிவிடுகிறார்கள். சாவுக்கும், ஊருக்குச் செய்தி சொல்லும் சாட்டுதலுக்கும் சாதியைச் சொல்லி அடிக்கவைக்கப்பட்டவர்களின் கலை இது. அரசு அறிவிப்புக்குத் தண்டோரா போடுவதற்குத் தமிழ்நாடு அரசு தடை சொன்னதே 2022-இல்தான். பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகும் பல ஊர்களில் பறை மேடைக்குக் கீழேதான் நிற்கிறது.

ஆகவே முதல் வேலை நிகழ்ச்சி நிரல். பறைக்குத் தனியாக 30 நிமிடம் ஒதுக்குங்கள், விருந்தினர் பேச்சுக்கு முன்னால். கடைசியில் வைத்தால் பேச்சு நீண்டு, பறைக்கு ஐந்து நிமிடம் மிஞ்சும். நோட்டீஸில் "மேளதாளத்துடன்" என்று முடித்துவிடாமல் குழுவின் பெயர், ஆசானின் பெயர், ஊர் மூன்றையும் மற்றக் கலைஞர்களுக்குப் போடும் அதே எழுத்தளவில் போடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் போனில் படித்துக் காட்டிச் சரிபாருங்கள்.

பணத்தை மொத்தமாகப் பேசாதீர்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டு ஆளுக்கு இவ்வளவு என்று பேசுங்கள்; வேன் வாடகையும் சாப்பாடும் தனி. மொத்தத் தொகையில் வேன் வாடகை போனால், குழுவில் இளையவருக்குப் பெட்ரோல் காசுகூட மிஞ்சாது. ஒரு வாரம் முன்பே பாதி அட்வான்ஸ், மீதி அன்றிரவு வேன் ஏறும் முன். பலர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறவர்கள். "செக் அடுத்த வாரம்" என்பது அவர்களுக்குப் பட்டினி. பொன்னாடை சம்பளத்துக்கு ஈடாகாது.

அடுத்தது நெருப்பு. இதைத்தான் அமைப்பாளர்கள் மறக்கிறார்கள். தோல் பறையைக் காய்ச்சாமல் அடிக்க முடியாது. ஈரக்காற்றில் தோல் தொய்ந்து 'தொப்' என்று விழும். காய்ச்சினால் இறுகிக் கணீரென்று பேசும். மேடை ஏறுவதற்கு அரை மணி முன்பு, பந்தலிலிருந்து எட்டத் திறந்த இடம், வைக்கோல் அல்லது காய்ந்த தென்னோலை, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர், இவ்வளவு போதும். அவசரப்படுத்தினால் தோலைத் தீக்கு மிக அருகே பிடிப்பார்கள். கருகிக் கிழிந்தால் அன்றைக்கு அந்தப் பறை போச்சு. தை மாதப் பனியில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சுருதி இறங்கும், ஆகவே நெருப்பை அணைக்கவிடாதீர்கள். கல்லூரி வளாகமானால் நெருப்புக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இல்லையென்றால் காவலாளி வந்து கலைஞரைத்தான் திட்டுவார்.

எட்டுப் பேர் அடவு வைத்து ஆட 20 அடிக்கு 15 அடியாவது வேண்டும். மடிப்பு விழுந்த கார்ப்பெட்டை எடுத்துவிடுங்கள், சலங்கைக் கால் சிக்கும். பலகையில் ஆணி துருத்தியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், வெறுங்காலில் ஆடுகிறார்கள். பறைக்கு மைக்கை ஒட்டி வைத்தால் ஒலிபெருக்கி செட் இரையும். மேடை விளிம்பில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போதும். பாடுகிறவருக்குக் கை மைக் தனி.

பெண்கள் குழுவானால் உள்தாழ்ப்பாளுள்ள அறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் கட்டாயம். ஆண் குழுவுக்கும் அறை வேண்டும். வேனுக்குப் பின்னால் நின்று உடை மாற்றச் சொல்வது அவமதிப்பு. விருந்தினர் சாப்பிடும் அதே பந்தியில், அதே நேரத்தில் இலை போடுங்கள். பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

கிளம்பும்போது, நாள், இடம், கலைஞர் பெயர் போட்ட சான்றிதழை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முத்திரையோடு கொடுங்கள். குழுவுக்கு ஒன்று கொடுத்தால் அது ஆசான் வீட்டுச் சுவரில் தொங்கும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியவும், மாவட்டக் கலை விருதுக்கு விண்ணப்பிக்கவும், தான் கலைஞர் என்று காட்டத் தாள் வேண்டும். பெயரும் தலைப்பெழுத்தும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரக்கூடும்.