செஸ்னாவைத் தரையிறக்கக் கற்பது: ஒவ்வொரு கட்டத்திலும் கண் எங்கே இருக்க வேண்டும்

நேராகப் பறக்க வந்துவிட்டது, திரும்ப வந்துவிட்டது, ஏறி இறங்கவும் வந்துவிட்டது. தரையில் கொண்டுவந்து வைக்க மட்டும் வரவில்லை. பயிற்சி விமானிகள் பலரும் வாரக்கணக்கில் நிற்கிற இடம் இது. நானும் நின்றேன். ஒவ்வொரு முறையும் தரை திடீரென்று மேலே வந்து சக்கரத்தில் இடித்தது. கையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, யோக்கை (விமானத்தின் கைப்பிடிச் சக்கரத்தை) இன்னும் மெதுவாக, இன்னும் சீக்கிரமாக என்று மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் சரிப்படவில்லை.

ஒருநாள் பக்கத்தில் இருந்த சார் என் கையைக் கவனிக்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். இடித்து இறங்கிய பிறகு சொன்னார்: "தம்பி, மூக்குக்கு முன்னாடி இருக்கற தரையப் பாக்கற. ரன்வே முடியற எடத்தப் பாரு." அடுத்த மூன்றாவது சுற்றில் சக்கரம் தொட்ட சத்தம் மட்டும்தான் கேட்டது.

அதனால் இந்தச் செய்முறையை, எந்தக் கட்டத்தில் கை என்ன செய்ய வேண்டும் என்பதோடு கண் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். எண்கள் எல்லாம் செஸ்னா 172எஸ் விமானத்துக்கானவை. உங்கள் விமானம் 152 என்றாலோ பழைய 172 என்றாலோ வேகங்கள் மாறும். அந்த விமானத்தின் கையேடும் உங்கள் பயிற்சியாளர் சொல்வதும்தான் முடிவு. இதை வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கையசைத்துப் பழகிப் பார்ப்பதற்காக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: டவுன்விண்ட்

உதாரணத்துக்குச் சேலம் விமான நிலையத்தை எடுத்துக்கொள்வோம். காமலாபுரத்தில் உள்ள அதன் ஓடுதளம் 04/22 (ஒரு பக்கமாக இறங்கினால் திசை 040 பாகை, எதிர்ப்பக்கமாக இறங்கினால் 220). நீளம் சுமார் 1800 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 அடி உயரத்தில் இருக்கிறது. 04-இல் இறங்கப் போகிறோம், இடது சர்க்யூட் (ஓடுதளத்தை ஒட்டி, இடப்பக்கமாகவே திரும்பிப் பறக்கும் செவ்வகப் பாதை) என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்யூட்டைத் தரைக்கு மேலே 1000 அடியில் பறக்கிறோம். ஆல்டிமீட்டர் காட்டுவது கடல் மட்டத்திலிருந்து உயரம். ஆகவே சேலத்தில் முள் 2000-இல் நிற்க வேண்டும். சென்னை போலக் கடலோரத்தில் பழகியவர் பழக்க தோஷத்தில் 1000-ஐத் தேடினால், அந்த எண்ணில் இருப்பது ஓடுதளம்! புதிய ஊருக்குப் போகும் முன் இந்தக் கூட்டலைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

டவுன்விண்ட் என்பது ஓடுதளத்துக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் பக்கம். திசை 220, வேகம் 90 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்). ஓடுதளம் உங்கள் இடது பக்க இறக்கைத் தாங்கு கம்பியின் நடுவில் ஓடுவதுபோல் தெரிந்தால் தூரம் சரி. கம்பியின் நுனிக்குப் போய்விட்டால் விலகிவிட்டீர்கள். கண் வெளியே: முன்னால் தொலைவில் ஒரு அடையாளம், பிறகு கம்பி, பிறகு ஒரு நொடி ஆல்டிமீட்டர், மறுபடியும் வெளியே. தரையிறங்கும் முன் பார்க்க வேண்டியவற்றை இங்கேயே முடித்துவிடுங்கள். எரிபொருள் இரண்டு டேங்கிலிருந்தும், மிக்ஸ்ச்சர் (எரிபொருள்-காற்றுக் கலவைக் குமிழ்) முழுதாக உள்ளே, பெல்ட், விளக்கு, பிரேக் மிதி அழுத்தமாக இருக்கிறதா என்று ஒரு தடவை. பின்னால் இதற்கு நேரம் இருக்காது.

படி 2: முனைக்கு நேராக

ஓடுதளத்தில் எண் எழுதிய முனை உங்கள் தோளுக்கு நேராக வந்ததும் த்ராட்டிலை (எஞ்சின் விசைக் குமிழை) 1500 ஆர்பிஎம்முக்குக் குறையுங்கள். மூக்கு தானாகக் கீழே போகப் பார்க்கும், விடாதீர்கள். உயரத்தைப் பிடித்துக்கொண்டு வேகம் குறையக் காத்திருங்கள். 110 நாட்டுக்குக் கீழே ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடிப்பு) 10 பாகை போடலாம். 80-க்கு வந்ததும் இறங்கத் தொடங்குங்கள்.

இங்கே ட்ரிம் சக்கரத்துக்குப் பத்து நொடி செலவு செய்யுங்கள். யோக்கை விட்டுவிட்டால் மூக்கு அதே இடத்தில் நிற்க வேண்டும். ட்ரிம் சரியில்லாமல் வருகிறவர் ஃபைனல் (ஓடுதளத்துக்கு நேராக இறங்கி வரும் கடைசிப் பகுதி) முழுக்க யோக்கோடு மல்லுக்கட்டுகிறார்; இரண்டு விரலால் பிடிக்க வேண்டியதை முழுக் கையால் இறுக்குகிறார். இறுகிய கைக்கு, கடைசி 10 அடியில் தேவைப்படும் நுணுக்கம் தெரியாது.

படி 3: பேஸ்

முனை உங்கள் தோளுக்குப் பின்னால் 45 பாகையில் தெரியும்போது இடதுபுறம் திரும்புங்கள். ஓடுதளத்தின் கோட்டை நோக்கிக் குறுக்கே போகும் இந்தப் பக்கம்தான் பேஸ். திசை 130, ஃப்ளாப் 20, வேகம் 70 முதல் 75. 10-ஐத் தாண்டிய ஃப்ளாப்புக்கு 85 நாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஆல்டிமீட்டர் 1800-ஐ ஒட்டி இருக்கும்.

பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும் வளைவைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. காற்று தள்ளிவிட்டு, நடுக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் மனம் என்ன சொல்லும் தெரியுமா? "கொஞ்சம் ரட்டரை (வால் சுக்கானின் மிதியை) மிதி, மூக்கு உள்ளே வந்துவிடும்." அந்த ஒரு மிதியும் கூடவே யோக்கை இழுப்பதும் சேர்ந்துதான், 500 அடியில் விமானத்தைச் சுழற்சிக்குள் தள்ளுகின்றன. அங்கிருந்து மீள உயரம் இல்லை. 30 பாகைச் சாய்வில் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காத வேகம்) 7 சதவீதம் கூடும். 45 பாகையில் 19. 60 பாகையில் 41. ஆகவே 30-க்கு மேல் சாய்க்காதீர்கள். கோட்டைத் தாண்டிவிட்டால் தாண்டிப் போகட்டும். த்ராட்டிலை முழுதாகத் தள்ளி இன்னொரு சுற்று வாருங்கள்.

படி 4: ஃபைனல்

இப்போது ஆல்டிமீட்டரில் சுமார் 1500, அதாவது தரைக்கு மேல் 500 அடி. ஃப்ளாப் முழுதாக 30, வேகம் 65 நாட். இந்த 65-ஐ உயிராகக் காப்பாற்றுங்கள். 75-இல் வந்தால் வேகம் 15 சதவீதம்தான் கூடுதல். ஆனால் விமானம் சுமந்து வரும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அத்தனையும் தீரும்வரை விமானம் ஓடுதளத்துக்கு மேலேயே மிதந்துகொண்டு போகும். நீங்கள் பொறுமையிழந்து மூக்கை அமுக்குவீர்கள்.

முன் கண்ணாடி வழியாக ஓடுதளத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளையாக எழுதிய 04 என்ற எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அந்த எண் கண்ணாடியில் மேலே ஏறிக்கொண்டே போனால் நீங்கள் தாழ்ந்துவிட்டீர்கள், ஓடுதளத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடுவீர்கள். அது கீழே நழுவினால் உயர்ந்துவிட்டீர்கள். நகராமல் அங்கேயே நின்று, அளவில் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் சரியாக அதை நோக்கி வருகிறீர்கள். யோக்கால் வேகத்தைப் பிடியுங்கள், த்ராட்டிலால் இறக்கத்தைத் திருத்துங்கள். கண் இரண்டே இடத்துக்குப் போய்வர வேண்டும்: புள்ளி, வேகமானி. புள்ளி, வேகமானி. வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் நல்லது.

3 பாகைச் சரிவில் இறங்கும் வீதம், தரை வேகத்தை 5-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும். 60 நாட் என்றால் நிமிடத்துக்கு 300 அடி. முள் 700-ஐக் காட்டினால் எங்கோ தவறு.

கண்ணை ஏமாற்றும் இரண்டு விஷயங்கள் உண்டு. சேலம் ஓடுதளத்தின் அகலம் 30 மீட்டர், சென்னையின் பெரிய ஓடுதளம் 45 மீட்டர். அகலமானதில் பழகிய கண், ஒடுங்கியதைப் பார்த்ததும் "மேலே இருக்கிறோம்" என்று நினைத்துக்கொள்ளும். தெரியாமலே தாழ்ந்து வருவீர்கள். இன்னொன்று வெயில். 40 டிகிரிச் சித்திரை வெயிலில் காற்று லேசாகிவிடுவதால், வேகமானி 65 காட்டும்போது உண்மையில் 69 நாட் போல ஓடிக்கொண்டிருப்பீர்கள். தரை வேகமாக ஓடுகிறதே என்று பயந்து மூக்கைத் தூக்காதீர்கள். இறக்கைக்குத் தெரிந்தது வேகமானியில் உள்ள எண்தான்.

தரைக்கு 300 அடி மேலே என் மனதில் ஒரு கதவு இருக்கிறது. வேகம், நடுக்கோடு, இறக்கம் மூன்றும் சரியாக இருந்தால்தான் அதற்குள் நுழைவேன். ஒன்று தவறினாலும் மேலே போய்விடுவேன்.

படி 5: ஃப்ளேர்

தரைக்கு மேல் 15, 20 அடி. ஓடுதளத்தின் விளிம்புகள் சட்டென்று இரண்டு பக்கமும் விரிந்து, உங்களைச் சுற்றி எழுந்து வருவதுபோல் தோன்றும். ஃப்ளேருக்கு, அதாவது மூக்கை உயர்த்தி இறக்கத்தை நிறுத்துவதற்கு, அதுதான் நேரம். த்ராட்டிலை மெதுவாக முழுதும் மூடுங்கள், கண்ணை 04 என்ற எண்ணிலிருந்து பிடுங்கி ஓடுதளத்தின் கடைசி முனைக்குக் கொண்டுபோங்கள்.

ஏன் கடைசி? ரயில் ஜன்னலை நினைத்துப் பாருங்கள். தண்டவாளத்து ஜல்லி வெறும் கோடாக ஓடும்; அதில் எதுவும் அளக்க முடியாது. தூரத்துப் பனைமரம் நின்று நிதானமாக நகரும். மூக்குக்கு முன்னால் உள்ள தரையும் அந்த ஜல்லி மாதிரிதான். அதைப் பார்த்தால் 10 அடியா 3 அடியா என்று தெரியாது. தொலைவில் உள்ள முனையைப் பார்த்துக்கொண்டிருந்தால், விமானம் அமிழ்வதை ஓரக்கண் தானாகச் சொல்லிவிடும்.

முதலில் மூக்கை உயர்த்தி, இறங்குவதை நிறுத்துங்கள். விமானம் ஓடுதளத்துக்கு இணையாகச் சில அடி மேலே பறக்க வேண்டும். இறக்கையின் நீளமே 36 அடி. தரைக்கு அந்தத் தூரத்துக்குள் வந்ததும் காற்று மெத்தைபோல் தாங்கத் தொடங்கும். பிறகு காத்திருங்கள். வேகம் குறையும், விமானம் அமிழப் பார்க்கும். அமிழப் பார்க்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். மறுபடி அமிழும், மறுபடி கொஞ்சம். நிறைகுடத்தை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைக்கிறவர் கடைசி ஒரு சாணில் எவ்வளவு மெதுவாகக் குனிகிறார்! அந்த நிதானம் வேண்டும். இழுத்ததைத் திரும்பத் தள்ளக் கூடாது. அதிகம் இழுத்து மேலே எழும்பிவிட்டால் அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருங்கள். பின் சக்கரம் இரண்டும் முதலில் தொட வேண்டும், மூக்குச் சக்கரம் காற்றிலேயே இருக்க வேண்டும்.

இது பிடிபடாவிட்டால், ஒருநாள் உங்கள் சாரிடம் கேட்டு, தொடாமலே ஓடுதளத்தின் மேல் சில அடி உயரத்தில் கடைசிவரை பறந்து பாருங்கள். த்ராட்டில் அவர் கையில், யோக் உங்கள் கையில். ஃப்ளேரில் சில நொடிகளே கிடைக்கிற காட்சி அங்கே நிதானமாகக் கிடைக்கும். எனக்கு அது பத்துத் தரையிறக்கத்துக்குச் சமம்.

துள்ளினால்

துள்ளியதும் மூக்கை அமுக்கக் கை பரபரக்கும். அமுக்கினால் மூக்குச் சக்கரம் முதலில் இடித்து, அடுத்த துள்ளல் இன்னும் உயரமாகும். ப்ரொப்பெல்லரும் எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவரும் சேதமாவது இப்படித்தான். சின்னத் துள்ளல் என்றால் மூக்கு அதே நிலையில் நிற்கட்டும், கொஞ்சம் த்ராட்டில் கொடுத்து மறுபடி இறக்குங்கள். பெரியது என்றால் யோசிக்கவே வேண்டாம், மேலே போங்கள்.

கோ-அரவுண்ட் என்று இதைச் சொல்வார்கள். த்ராட்டில் முழுதாக உள்ளே. இறங்குவதற்கு வைத்த ட்ரிம்மால் மூக்கு பலமாக மேலே கிளம்பும்; யோக்கை அழுத்திப் பிடியுங்கள். இடது பக்கம் இழுக்கும், வலது ரட்டர். ஃப்ளாப்பை உடனே 20-க்கு, 60 நாட்டில் ஏறத் தொடங்கி, தடைகளைத் தாண்டிய பிறகு மிச்சத்தைப் படிப்படியாக மூடுங்கள். பெட்ரோல் வீணாகிறதே, சார் என்ன நினைப்பாரோ என்ற எண்ணம் வரவே கூடாது. தானாக முடிவெடுத்து மேலே போகிற மாணவரைத்தான் பயிற்சியாளர் தனியாக அனுப்பத் துணிவார்.

பக்கக் காற்று

காற்று 070-இலிருந்து 12 நாட் என்று டவர் சொல்கிறது. ஓடுதளத்துக்கும் காற்றுக்கும் 30 பாகை வித்தியாசம் என்றால் பக்கவாட்டில் அடிப்பது பாதி, 6 நாட். கையேட்டில் செய்து காட்டப்பட்டதாக உள்ள அளவு 15 நாட். ஃபைனலில் மூக்கை வலப்பக்கம் காற்றை நோக்கி வைத்து வாருங்கள். ஃப்ளேரில் இடது ரட்டரால் மூக்கை நேராக்கி, வலது இறக்கையைத் தாழ்த்தி நடுக்கோட்டில் நில்லுங்கள். வலது சக்கரம் முதலில் தொடும்; அதுதான் சரி.

படி 6: தொட்ட பிறகு

யோக்கைப் பின்னால் இழுத்தபடியே வைத்திருங்கள், மூக்குச் சக்கரம் தானாக இறங்கட்டும். கண் இன்னும் கடைசி முனையில்தான். பாதத்தால் நடுக்கோட்டைப் பிடியுங்கள். பக்கக் காற்று இருந்தால், வேகம் குறையக் குறைய யோக்கைக் காற்றுப் பக்கம் இன்னும் திருப்புங்கள். பிரேக் மெதுவாக.

ஓடும்போதே ஃப்ளாப்பை மூடக் கை போகும். போகவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பி-17 விமானிகள் பலர், பத்திரமாக இறங்கிய பிறகு, ஃப்ளாப் என்று நினைத்து அருகில் அதேபோல் இருந்த சக்கர விசையைத் தவறாக இயக்கிவிட்டார்கள். கைப்பிடிகளுக்குத் தனித்தனி வடிவம் கொடுத்து அதைத் தீர்க்க வழி செய்தவர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர். செஸ்னா 172எஸ்ஸில் மடங்கும் சக்கரம் இல்லை. நாளை நீங்கள் ஓட்டப்போகும் விமானத்தில் இருக்கும். ஆகவே இன்றைக்கே பழகிக்கொள்ளுங்கள்: ஓடுதளத்தை விட்டு வெளியேறி, மஞ்சள் கோட்டை வால்வரை முழுதாகத் தாண்டி, நின்ற பிறகுதான் ஃப்ளாப் நெம்புகோலில் கை வைக்க வேண்டும், வைக்கும் முன் அதைக் கண்ணால் பார்த்து, பெயரை வாயால் சொல்லுங்கள்.