நாலே பீஸில் டார்கெட் முடிந்த கதை: நோட்-ரெட்டில் வேரியபிள் வைப்பது எப்படி?

எங்கள் பிரஸ் ஷாப்பில் ஒரு ஷிஃப்டுக்கு 500 பீஸ் டார்கெட். ஒவ்வொரு பீஸ் விழும்போதும் சென்சார் எம்க்யூடிடி (கருவிகள் ஒன்றுக்கொன்று சின்ன மெசேஜ் அனுப்பும் முறை) வழியாக 1 என்று அனுப்பும். நோட்-ரெட், அதாவது நோட் எனும் பெட்டிகளை இணைத்து ப்ரோக்ராம் செய்யும் மென்பொருள், அதைக் கூட்டிக்கொண்டே வந்து, 500 ஆனதும் பசரை அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் நாள் காலை, நாலாவது பீஸ் விழுந்ததுமே பசர் அலறியது. “என்ன தம்பி, அதுக்குள்ள வீட்டுக்குக் கிளம்பலாமா?” என்றார் ஆபரேட்டர் அண்ணன்.

நோட்-ரெட்டை நிறுவுவது, புரோக்கரோடு (எம்க்யூடிடி மெசேஜ்களை வாங்கி அனுப்பும் சர்வர்) இணைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எங்கே வைப்பது?

வேரியபிளை, அதாவது எண்ணிக்கை போன்ற மதிப்பை, நோட்-ரெட் சேமித்து வைக்கும் இடத்துக்குக் கான்டெக்ஸ்ட் என்று பெயர். அதில் மூன்று வகை உண்டு. நோட் கான்டெக்ஸ்டில் வைத்தது அந்த ஒரு நோடுக்கு மட்டும் தெரியும். ஃப்ளோவில் வைத்தது எடிட்டரின் அந்த டேபில் உள்ள எல்லா நோடுக்கும் தெரியும். குளோபல் எல்லா டேபுக்கும் பொது. புதிதாக வருபவர்கள் குளோபலைத்தான் பிடித்துக்கொள்வார்கள், நானும் அப்படித்தான். முதல் லைனின் டேபை அப்படியே காப்பி அடித்து இரண்டாவது லைனுக்கு ஒட்டினேன். வேரியபிள் பெயர் இரண்டிலும் ஒன்றே, ஆகவே இரண்டு லைன் பீஸும் ஒரே உண்டியலில் விழுந்தன. இப்போது லைனுக்கு ஒரு டேப், எண்ணிக்கை ஃப்ளோவில். குளோபலில் நான் விட்டுவைத்திருப்பது நடப்பு ஷிஃப்ட் எண் ஒன்றுதான்.

படி 2: எந்த வகை?

பசர் அலறியது இங்கேதான். சென்சார் அனுப்பிய 1 எண்ணாக வரவில்லை, எழுத்தாக, அதாவது ஸ்ட்ரிங்காக வந்தது. ஜாவாஸ்கிரிப்டில் எண்ணோடு ஸ்ட்ரிங்கைக் கூட்டினால் கூட்டாது, ஒட்டும். 0-வில் தொடங்கிய என் எண்ணிக்கை 01, 011, 0111 என்று வளர்ந்தது. ஆனால் 500-ஐ எட்டிவிட்டதா என்று ஒப்பிடும்போது மட்டும் அதே ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றிப் பார்க்கும். மூன்றாவது பீஸில் 111, தப்பித்தது. நாலாவதில் 1111. அடி பசரை!

வரும் மெசேஜைக் காட்டும் டீபக் நோடைப் போட்டுப் பாருங்கள். மதிப்புக்கு மேலேயே சின்ன எழுத்தில் நம்பர் அல்லது ஸ்ட்ரிங் என்று வகை இருக்கும், ஸ்ட்ரிங் என்றால் மதிப்பைச் சுற்றி மேற்கோள் குறியும் இருக்கும். நான் அரை நாள் மதிப்பையே முறைத்துக்கொண்டிருந்தேன், வகையைப் பார்க்கவே இல்லை.

தீர்வு: கூட்டுவதற்கு முன் ஃபங்ஷன் நோடில் (ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் நோட்) பேலோடை, அதாவது மெசேஜில் வந்த மதிப்பை, நம்பர் ஃபங்ஷனுக்குள் போட்டு எண்ணாக்குங்கள். மதிப்பை மாற்றும் சேஞ்ச் நோடில் ஜேசொனாட்டா என்ற சூத்திர மொழியில் எழுதியும் செய்யலாம். ஆனால் ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எனக்கே புரிவதில்லை, அதனால் என் ஓட்டு ஃபங்ஷன் நோடுக்கு. வந்தது எண்தானா என்றும் சோதித்துவிடுங்கள். குப்பை மெசேஜ் ஒன்று நுழைந்தால் மொத்த எண்ணிக்கையும் ‘எண் அல்ல’ என்று ஆகிவிடும். மதிப்பு இல்லாவிட்டால் 0 என்று எழுதியிருந்தீர்களானால் அடுத்த பீஸ் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அதுவரை எண்ணியது போச்சு.

ஆமாம், பூலியனிலும் (ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டுமே வரும் வகை) இதே வம்பு உண்டு. கதவு சென்சார் ஃபால்ஸ் என்பதை ஸ்ட்ரிங்காக அனுப்பினால், இஃப் அதை ட்ரூ என்றே எடுத்துக்கொள்ளும்.

படி 3: கரண்ட் போனால்?

வழக்கமாக இவை எல்லாம் மெமரியில்தான் இருக்கும், ரீஸ்டார்ட் ஆனால் பூஜ்யம். செட்டிங்ஸ் ஃபைலில் கான்டெக்ஸ்ட் ஸ்டோரேஜை லோக்கல் ஃபைல்சிஸ்டம் என்று மாற்றி, நோட்-ரெட்டை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்போதும் 30 விநாடிக்கு ஒருமுறைதான் டிஸ்கில் எழுதும். சட்டென்று கரண்ட் போனால் கடைசி சில பீஸ்கள் கணக்கில் வராது. எங்களுக்கு அது பரவாயில்லை.

பின்சேர்க்கை: இதே ஃபங்ஷன் நோடை சப்ஃப்ளோவுக்குள் (பல நோட்களை ஒரே நோடாகச் சுருட்டி வைப்பது) வைத்தால் எண்ணிக்கை டேபில் தெரியவில்லை என்று இரண்டு பேர் கருத்தில் கேட்டிருந்தார்கள். சப்ஃப்ளோவுக்குத் தனி ஃப்ளோ கான்டெக்ஸ்ட் உண்டு. வெளியே உள்ளதைத் தொட, வேரியபிள் பெயருக்கு முன்னால் டாலர் குறி, பேரன்ட், ஒரு புள்ளி சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் பழைய எண்ணே தெரிகிறதா? பக்கத்து கான்டெக்ஸ்ட் பலகையில் ரிஃப்ரெஷை அழுத்துங்கள், அது தானாக மாறாது.