குமிழிக்குள் என்ன? ஒரு சிரிஞ்சும் நான்கு சோதனைகளும்

கொதிக்கும் தண்ணீரில் எழுகிற குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது? யாரிடம் கேட்டாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும்: காற்று, அல்லது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும், அல்லது நீராவி. பள்ளித் தேர்வில் நான் இரண்டாவதை எழுதிச் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி வாங்கினேன். அது ஏன் தவறு என்று எவரும் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்து அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு சிரிஞ்சு.

வேண்டியவை: ஊசி இல்லாத புதிய 20 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்சு, காய்ச்சிய தண்ணீர், ஒரு வெப்பமானி, இரண்டு பழைய உலோகக் கரண்டிகள், சிட்டிகை உப்பு, சிட்டிகை சர்க்கரை. சிறுவர்கள் செய்வதானால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 1: காற்றை அமுக்குங்கள்

தண்டை 20 வரை இழுத்து, முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்துங்கள். 10 மி.லி. வரை கொண்டுபோக ஏறத்தாழ 3 கிலோ எடையைத் தாங்குவது போன்ற விசை தேவைப்படும். பருமன் பாதியானால் அழுத்தம் இருமடங்கு. 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இதுதான். வெப்பநிலை மாறாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 5 மி.லி.க்குக் கொண்டுபோக 9 கிலோ வேண்டும். அதற்குள் விரல் இடம்கொடுத்துக் காற்று கசிந்துவிடும். தண்டை விட்டால் அது சரியாக 20க்குத் திரும்பாது. ரப்பர் உராய்வுதான் காரணம், பாயில் மீது பழி போட வேண்டாம்.

இவ்வளவு அமுங்குகிறது என்றால் உள்ளே பெரும்பகுதி வெற்றிடம் என்று பொருள். அந்த வெற்றிடத்தில் மூலக்கூறுகள் விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் பாய்ந்து, சுவரிலும் தண்டிலும் மோதிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் கட்டைவிரலை எதிர்த்துத் தள்ளுவது அந்த மோதல்களே.

படி 2: தண்ணீரை அமுக்குங்கள்

காற்றே இல்லாமல் தண்ணீரை நிரப்பி, அதே போல் அழுத்துங்கள். தண்டு அசையாது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருப்பதால் நெருங்க இடமில்லை. 18 கிராம் தண்ணீர் என்பது ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் அளவு). நீர்மமாக அது 18 மி.லி.; 100 டிகிரியில் நீராவியானால் 30 லிட்டர். பருமன் 1,600 மடங்குக்கும் மேல் கூடுகிறது. மூலக்கூறுகளுக்கு இடையிலான தூரமோ ஏறத்தாழ 12 மடங்குதான் கூடுகிறது. 12ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், கணக்கு புரிந்துவிடும்.

படி 3: விரல் நுனியில் கொதிக்க வையுங்கள்

நன்றாகக் காய்ச்சிய தண்ணீரை 60 டிகிரிக்கு ஆறவிடுங்கள். அதில் 5 மி.லி. உறிஞ்சி, முனையை மேலே பிடித்துக் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். முனையை அடைத்துக்கொண்டு தண்டைப் பலமாக வெளியே இழுங்கள். கொதிநீர் வேண்டாம், விரல் பொசுங்கும்.

தண்ணீர் கொதிக்கும். 60 டிகிரியில், அடுப்பே இல்லாமல், சலசலவென்று.

கொதித்தல் என்பது 100 என்ற எண்ணோடு கட்டிப்போட்ட சங்கதி அல்ல. ஆவி வெளிப்புறமாகத் தள்ளும் அழுத்தம், மேலிருந்து அமுக்கும் அழுத்தத்தை எட்டும்போது தண்ணீர் கொதிக்கிறது. 60 டிகிரியில் ஆவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நீங்கள் இழுத்தபோது உள்ளே அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கிவிட்டது.

இப்போது விரலை எடுக்காமல் தண்டை விட்டுவிடுங்கள். அது சட்டென்று உள்ளே ஓடும். குமிழிகள் இருந்த சுவடே தெரியாது. என் பழைய விடை இங்கேதான் அடிபட்டது. குமிழிக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருந்திருந்தால், அழுத்தம் திரும்பியதும் சுருங்கியிருக்கும், ஆனால் மறைந்திருக்காது. காற்றும் அப்படித்தான். ஆவி மட்டும் திரும்பத் தண்ணீராகிவிடும். முதல்முறை நான் காய்ச்சாத குளிர்ந்த தண்ணீரில் செய்துவிட்டு, குமிழி வந்ததும் குதித்தேன். தண்டை விட்ட பிறகும் பொடிக் குமிழிகள் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவை நீரில் கரைந்திருந்த காற்று. மறைவது ஆவி, நிற்பது காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, கொதிக்கும்போது அறுவது எது? தண்ணீரில் இரண்டு விதமான பிடிப்பு உண்டு. ஒரே மூலக்கூறுக்குள் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டிருப்பது சகப்பிணைப்பு. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனை அடுத்ததன் ஆக்சிஜன் இழுப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. பெயரில் பிணைப்பு என்று இருந்தாலும் அது வலுக்குறைந்தது. ஒரு மோல் தண்ணீரை 100 டிகிரியில் ஆவியாக்கச் சுமார் 41 கிலோஜூல் ஆற்றல் போதும். அந்த ஆவியைத் தனித்தனி அணுக்களாக உடைக்க 920 கிலோஜூலுக்கும் மேல் வேண்டும். கொதிக்கவைக்கும்போது நாம் பிரிப்பது மூலக்கூறை மூலக்கூறிலிருந்துதான். மூலக்கூறுக்குள் ஒரு கீறல்கூட விழுவதில்லை.

படி 4: உப்பும் சர்க்கரையும்

இரண்டையும் தனித்தனிக் கரண்டியில் போட்டு, சிறு தீயில் காட்டுங்கள். கரண்டியைத் துணி சுற்றிப் பிடியுங்கள். சர்க்கரை உருகி, பழுப்பாகி, கருகும். இங்கே மட்டும் மூலக்கூறுக்குள்ளேயே பிணைப்புகள் அறுந்து புதுப் பொருள்கள் உண்டாகின்றன. அந்த வாசனையும் நிறமும் அவற்றுடையவை. உப்பு இரண்டொரு முறை படபடவென்று வெடிக்கும், அவ்வளவுதான். படிகத்துக்குள் சிக்கிய ஈரம் ஆவியாகி உடைத்துக்கொண்டு வருகிற சத்தம் அது. உப்பில் மூலக்கூறு என்று தனியாக எதுவும் கிடையாது. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் (மின்சுமை ஏறிய அணுக்கள்) மாறிமாறி அடுக்கப்பட்டு, நேர், எதிர் மின்சுமைகளால் நாற்புறமும் இறுகியிருக்கின்றன. அதை உருக்க 801 டிகிரி வேண்டும்.

கரண்டிகள் நன்றாக ஆறியதும் தண்ணீரில் போடுங்கள். அந்தச் சூட்டுக்கு அசையாத உப்பு, அறை வெப்பநிலைத் தண்ணீரில் தானாகக் கரைந்துபோகும். நீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனியையும் சூழ்ந்துகொண்டு பெயர்த்து எடுத்துவிடுகின்றன. சர்க்கரைக் கரண்டியைத்தான் உட்கார்ந்து சுரண்ட வேண்டியிருக்கும்.