கண் மருத்துவராகும் வழி: தருமபுரி மாணவர்களுக்கு

பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டு, கண் மருத்துவராக வேண்டும் என்று எண்ணுபவர் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கடையில் பார்வையைச் சோதித்து ‘பவர்’ எழுதித் தருபவர் பெரும்பாலும் ஆப்டோமெட்ரி படித்தவர். அறுவை சிகிச்சை செய்பவரோ எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் கண் மருத்துவம் பயின்றவர்.

நீட் தேர்வு வழியாகச் சேரும் எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியும் கொண்டது. தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்கள் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை மறவாமல் கோர வேண்டும். அடுத்து முதுநிலை நீட் தேர்வு; அதில் பெறும் தரவரிசைக்கேற்ப கண் மருத்துவத்தில் எம்.எஸ். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. படிப்பில் மூன்றாண்டுகள். இரண்டாண்டு டிப்ளமோவும் உண்டு.

உண்மையான பயிற்சி இங்கேதான் தொடங்குகிறது. முதலாண்டில் கத்தியைத் தொடும் ஆவலை அடக்கிக்கொண்டு, கண்ணை ஒளிபாய்ச்சிப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவி முன் அமர்ந்து நோயாளிக்குப் பின் நோயாளியாகப் பார்க்க வேண்டும்; கண் அழுத்தம் அளக்கவும், ரெட்டினாஸ்கோப்பால் பார்வைக் குறையைக் கணிக்கவும், விழித்திரையின் ஓரம்வரை பார்க்கவும் கண் பழக மாதங்கள் ஆகும். அறுவைப் பயிற்சி ஆட்டுக்கண்ணில் தொடங்கும். நுண்ணோக்கியில் பார்த்தபடியே இரு கைகளாலும் வேலை செய்து, கால்களால் நுண்ணோக்கியையும் கண்புரையை உடைத்து உறிஞ்சும் பேக்கோ கருவியையும் இயக்குவது எளிதில் வருவதன்று. பிறகு, மூத்தவர் அருகிலிருக்க, கண்புரை அறுவையின் ஒவ்வொரு படியாகக் கைக்கு வரும்: ஒருநாள் கீறல் மட்டும், இன்னொருநாள் லென்ஸ் பொருத்துவது மட்டும்.

ஆகவே, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் பெயரையும் பார்த்து மயங்காமல், அங்கே படித்து முடித்தவர்களிடம் ‘நீங்கள் தனியாக எத்தனை கண்புரை அறுவைகள் செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். என் கருத்தில் இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

1819இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஆகியவை தமிழகத்தின் முதன்மையான பயிற்சியிடங்கள்.

விழித்திரை, கண் நீர் அழுத்தம், குழந்தைகள் கண் போன்ற உட்பிரிவுகளில் தேர்ச்சி பெற, மேலும் ஓரிரு ஆண்டுகள் ஃபெலோஷிப் எனும் சிறப்புப் பயிற்சி செய்யலாம். ஊர் திரும்பும் எண்ணமுள்ளவர்கள் கருவிழிப் பிரிவையும் கருதலாம். கரும்புத் தோகையோ நெல்லுமியோ கண்ணில் பட்டுப் பூஞ்சைப் புண்ணோடு வருபவர்கள் நம் போன்ற வேளாண் பகுதிகளில்தான் மிகுதி.