வன்னியில் கண்காணிப்பைப் பற்றி எழுதப் போகிறவருக்கு

வட இலங்கையின் வன்னியில் படையினரும் புலனாய்வினரும் மக்கள் மீது வைத்திருக்கும் கண்காணிப்பின் பெரும்பங்கு ஆட்களால் நடக்கிறது. சந்திக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்பவர், கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயர் கேட்கப்படும் விதானையார் (கிராம அலுவலர்), பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணையில் சம்பளத்துக்கு நிற்கும் அயலவர் என்று அது ஊருக்குள்ளேயே இருக்கும். இவர்களில் பலர் விரும்பிச் சொல்வதில்லை, கேட்டால் சொல்லாமல் இருக்க வழியில்லாதவர்கள். ஆகவே போனில் சிக்னல் செயலியைப் போட்டுவிட்டு, ஊரில் ஒருவரும் காணாத வானைப் படலை வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிற செய்தியாளர் எதையும் பாதுகாக்கவில்லை. முதலில் ஒழுங்கையைச் சரிப்படுத்துங்கள், போனைப் பிறகு பார்க்கலாம்.

சந்திப்பு

சந்திக்கும் இடம், அந்த நபர் எப்படியும் போக இருந்த இடமாக இருக்கட்டும். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிளினிக் நாள், கச்சேரியில் (மாவட்ட செயலகத்தில்) காணி அலுவல், வவுனியா பஸ் நிலையத்தில் பஸ் மாறும் நேரம், வற்றாப்பளைப் பொங்கல். காரணம் உண்மையாக இருக்க வேண்டும். பிறகு யாராவது “ஏன் போனனீங்கள்?” என்று கேட்டால் கிளினிக் கொப்பியைக் காட்டினால் போதும், பொய் யோசிக்கத் தேவையில்லை.

வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றால் அந்த ஒழுங்கையில் குறைந்தது ஐந்து வீடுகளுக்குப் போங்கள். தண்ணீர், யானை வேலி, பள்ளிக்கூடத்து ஆசிரியர் பற்றாக்குறை என்று உண்மையிலேயே எழுதக்கூடிய ஒரு விடயத்தைக் கேளுங்கள், அதையும் எழுதுங்கள். வழமையாகப் பிழைப்பது நேரத்தில்தான்: நாலு வீட்டில் பத்து நிமிடம், ஐந்தாவது வீட்டில் இரண்டு மணித்தியாலம். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது போதும். எல்லா வீட்டிலும் இருபது நிமிடத்தோடு எழும்புங்கள், மிச்சக் கதையை இரண்டாவது சந்திப்புக்கு வையுங்கள். மாங்குளத்தால் ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்குப் போனால், திரும்பும்போது புதுக்குடியிருப்பு, பரந்தன் பக்கத்தால் வரலாம். ஒரே சோதனைச் சாவடியில் ஒரே நாளில் இரண்டு தரம் முகம் காட்டத் தேவையில்லை.

போன்

இலங்கையில் சிம் அடையாள அட்டை இலக்கத்தில் பதியப்பட்டிருக்கிறது. யார், யாரை, எத்தனை மணிக்கு, எந்தக் கோபுரத்தின் கீழிருந்து அழைத்தார் என்பது தொலைபேசி நிறுவனத்தின் பதிவில் கிடக்கும். அதற்குப் பேச்சை ஒட்டுக்கேட்கவே தேவையில்லை. எனவே முதல் தொடர்பை அழைப்பில் எடுக்காதீர்கள், நம்பிக்கையான இடையாள் நேரில் கேட்கட்டும். ஊர் எல்லையில் போனை நிறுத்துவதும் பிழை, அங்கு நிறுத்தப்பட்டது என்பதும் பதிவுதான். தங்குமிடத்திலேயே, வேலை செய்யும் நிலையில் விட்டுவிட்டுப் போங்கள்.

உங்களிடம் பேசுகிறவரின் போன் உங்களுடையதை விடப் பெரிய ஓட்டை. அவருடைய வட்ஸ்அப்பில் “இணைக்கப்பட்ட சாதனங்கள்” பகுதியைத் திறந்து பாருங்கள். கொமினிகேஷன் கடையில் கணக்குத் திறந்து கொடுத்த தம்பியின் கணினி அதில் இன்னும் இருக்கலாம். மறையும் செய்திகளை 24 மணித்தியாலத்துக்கு வையுங்கள், வரும் படங்கள் தானாகக் கலரியில் விழுவதை நிறுத்துங்கள். திறப்பதற்குக் கைரேகையை எடுத்துவிட்டு, ஆறு இலக்கத்துக்குக் குறையாத குறியீட்டைப் போடச் சொல்லுங்கள். கையைப் பிடித்து விரலை வைக்கலாம், குறியீட்டை அப்படி எடுக்க முடியாது. பிள்ளைகள் விளையாடும் போன் என்றால் இதெல்லாம் ஒரு கிழமைகூட நிற்காது. அந்த வீட்டுக்குப் போன் மூலம் ஒன்றும் அனுப்பாமல் இருப்பதே நல்லது.

கேட்பதும் குறிப்பதும்

“சிஐடி வந்தது” என்பார்கள். ஊர்ப் பேச்சில் அந்தச் சொல் குற்றப் புலனாய்வுத் திணைக்களம், பயங்கரவாதத் தடுப்பு மற்றும் விசாரணைப் பிரிவு, அரச புலனாய்வுச் சேவை, ஆமியின் புலனாய்வு, பக்கத்துப் பொலிஸ் நிலையத்துச் சிவில் உடுப்புக்காரர் எல்லோரையும் குறிக்கும். நீங்களும் அப்படியே எழுதினால் மறுநாள் ஒரு மறுப்பறிக்கையோடு செய்தி செத்துவிடும். ஒவ்வொரு வருகைக்கும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள்: எந்தத் திகதி, எத்தனை மணி, எத்தனை பேர், எந்த மொழியில் பேசினார்கள், தாங்கள் எங்கிருந்து வந்ததாகச் சொன்னார்கள், அட்டை காட்டினார்களா, மோட்டார் சைக்கிள் இலக்கம், என்ன கேட்டார்கள், எதை எழுதினார்கள், போன் இலக்கம் வாங்கினார்களா, யார் கண்டது. திகதி ஞாபகமில்லை என்றால் திருவிழா, நெல் வெட்டு, பரீட்சை என்று ஏதாவதோடு கட்டிப் பார்க்கலாம். அட்டை காட்டவில்லை என்றால் “தங்களைப் புலனாய்வுப் பிரிவினர் என்று சொன்ன இருவர்” என்பதற்கு மேல் போகாதீர்கள்.

ஒரு வருகை முறைப்பாடு, பல வருகைகளின் ஒழுங்குதான் செய்தி. ஒன்றுக்கொன்று தெரியாத மூன்று குடும்பங்களிடம் ஒரே கேள்வி ஒரே கிழமையில் கேட்கப்பட்டிருந்தால் எழுதத் தொடங்கலாம்.

பெயர்களையும் குறிப்புகளையும் ஒரே கொப்பியில் வைக்காதீர்கள். குறிப்பில் ஆளுக்கு ஓர் எழுத்து போதும், அது பெயரின் முதலெழுத்தாக இருக்கக்கூடாது. சம்மதத்தை மூன்று தரம் கேளுங்கள்: பேசுமுன், பேசி முடிந்ததும், எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகு. அழுதுவிட்டுச் சொன்ன “ஓம், போடுங்கோ” சம்மதமல்ல, இரண்டு நாள் கழித்துச் சொன்னதையே எடுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகப் போராட உட்கார்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பெயரோடும் முகத்தோடும் நின்றார்கள். அப்படி நிற்பதையே தங்கள் காவலாக எண்ணுகிற ஒருவரை “பெயர் குறிப்பிட விரும்பாத தாய்” ஆக்குவது அவரை மறுபடி மறைப்பதற்குச் சமம். கேளுங்கள், அவரே முடிவெடுக்கட்டும்.

மலையகத்திலிருந்து 1958, 1977 வன்முறைகளுக்குப் பின் வந்து குடியேறிய குடும்பங்களிடமும் போங்கள். கிளிநொச்சியில் கிருஷ்ணபுரம், மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற இடங்களில் காணிக்கு உறுதியோ பேர்மிட்டோ இல்லாமல் வாழ்கிறவர்கள் அரசைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள், அயலூர்ச் சாதிமான்களைப் பற்றியும் பேசுவார்கள். அதையும் எழுதாவிட்டால் உங்கள் சமூக நீதி பாதி வழியில் நின்றுவிடும்.

தாள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சிடம் “முல்லைத்தீவில் எத்தனை முகாம்கள்?” என்று கேட்டால், 5ஆம் பிரிவைக் காட்டித் தேசிய பாதுகாப்பு என்று மறுத்துவிடுவார்கள். அதே விடயத்தைச் சிவில் அலுவலகங்களில் துண்டு துண்டாகக் கேளுங்கள். பிரதேச செயலகத்தில்: இந்தக் கிராம அலுவலர் பிரிவில் முப்படை, பொலிஸ் வசமுள்ள தனியார், அரச காணி எத்தனை ஏக்கர், உரிமை கோரிப் பதிந்த குடும்பங்கள் எத்தனை. பிரதேச சபையில்: அந்த வீதியில் எந்தக் கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. வலயக் கல்வி அலுவலகத்தில்: சிவில் பாதுகாப்புத் திணைக்களம் சம்பளம் கொடுக்கும் முன்பள்ளிகள் எவை. இரண்டு அலுவலகங்களின் பதில் ஒன்றோடொன்று முட்டும் இடத்தில்தான் கட்டுரை பிறக்கும்.

தமிழிலேயே எழுதுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு விண்ணப்பத்தில் மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். பத்துக் கேள்வி கேட்டால் இலகுவான இரண்டுக்குப் பதில் தந்து மிச்சத்தை விட்டுவிடுவார்கள். ஏற்றுக்கொண்ட பற்றுச்சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள், காலக்கணக்கு அதிலிருந்துதான் ஓடும். தருவதா மறுப்பதா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். ஒருவரின் உயிர், தனிப்பட்ட சுதந்திரம் பற்றியது என்றால் 48 மணித்தியாலம். மறுத்தாலும் பேசாமல் இருந்தாலும் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவர் மூன்று கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதன் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பலர் தோற்பது முதல் மறுப்பில் அல்ல, இந்த 14 நாளைத் தவறவிட்டு.

விண்ணப்பத்தில் பெயரும் விலாசமும் இருக்கும். பாதிக்கப்பட்டவரைக் கொண்டு அதைப் போடுவிக்காதீர்கள், உங்கள் பெயரில் போடுங்கள்.

வர்த்தமானியையும் விடாதீர்கள். 2025 மார்ச் 28இல் வெளியான 2430ஆம் இலக்க வர்த்தமானி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரச் சொன்னது. எதிர்ப்பு வலுத்து, உயர் நீதிமன்றம் வரை போனபின் மீளப்பெறப்பட்டது. ஊரவருக்கு அது தெரியவந்த வேகத்தையும் அந்த மூன்று மாதத்தையும் ஒப்பிட்டாலே ஒரு கட்டுரை.

எண்களில் சோம்பல் வேண்டாம். “இரண்டு பொதுமக்களுக்கு ஒரு படையினர்” என்ற வாக்கியம் இன்றைக்கும் ஓடுகிறது. அது 2017இல் வந்த ஓர் ஆய்வு, முல்லைத்தீவு மாவட்டத்துக்கு மட்டும் செய்த மதிப்பீடு. ஆண்டும் மாவட்டமும் சேர்த்தால்தான் போடலாம், வடக்கு முழுவதற்கும் நீட்டக்கூடாது.

எழுதும்போது

ஊர், வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, தொழில், சம்பவத் திகதி. இந்த ஐந்தில் இரண்டுக்கு மேல் ஒருவரைப் பற்றி அச்சில் வரக்கூடாது. சில நூறு குடும்பங்கள் உள்ள ஊரில் “கோழி வளர்க்கும், மூன்று பிள்ளைகளின் தாய்” என்றால் பெயர் போட்ட மாதிரித்தான். பெயரை மாற்றிவிட்டுக் கதையை முழுதாகச் சொல்வதுதான் அதிகம் நடக்கும் பிழை. முன்னாள் போராளி என்றால் புனர்வாழ்வு பெற்ற முகாமின் பெயரையும் விடுவிக்கப்பட்ட ஆண்டையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

படத்தில் முகத்தை மங்கலாக்கினால் போதாது, கறுப்புக் கட்டம் போட்டுப் புதிதாக ஏற்றுமதி செய்யுங்கள். பின்னணியில் கோயில் கோபுரம், தண்ணீர்த் தாங்கி, வீட்டுத்திட்ட இலக்கம், சுவரில் மாட்டிய கல்யாணப் படம் இருக்கிறதா பாருங்கள். படத்தோடு ஒட்டியிருக்கும் இடத்தரவு, வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உதிரும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். குரலைக் கருவியால் தடிப்பாக்கினால் திருப்பி மெல்லியதாக்கலாம். வேறொருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

பொலிஸ், ஆமிப் பேச்சாளரிடம் பதில் கேட்கத்தான் வேண்டும். ஆனால் “14ஆம் திகதி பின்னேரம் இன்ன ஊரில்” என்று கேட்டால் பேசியவரை நீங்களே காட்டிக்கொடுக்கிறீர்கள். மாவட்டத்தையும் மாதத்தையும் மட்டும் சொல்லி, நடைமுறையைப் பற்றிக் கேளுங்கள்: எந்தச் சட்டத்தின் கீழ் இந்த விசாரிப்பு, பதிவு எங்கே வைக்கப்படுகிறது. எழுத்தில் அனுப்பி 48 மணித்தியாலம் கொடுங்கள். பதில் வராவிட்டால் அனுப்பிய திகதியைப் போடுங்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றைக் குற்றமாக்குகிறது. ஒவ்வொரு வசனத்துக்கும் எதைக் காட்டுவீர்கள் என்று ஓரத்தில் எழுதி வையுங்கள்.

அழைப்பு வந்தால்

2020 ஒக்டோபரில் முல்லைத்தீவு முறிப்பில் மரக்கடத்தலைப் படமெடுத்த இரண்டு செய்தியாளர்கள் அடிவாங்கினார்கள். எழுதுவது காடு என்றாலும் கவனம் இதே கவனம்தான்.

விசாரணைக்கு வரச்சொல்லிப் போனில் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். அரசியலமைப்பின்படி தமிழும் அரசகரும மொழி, தமிழில் கேட்பது சலுகையல்ல. தனியே போகாதீர்கள், சட்டத்தரணியோடு போங்கள், எத்தனை மணிக்கு உள்ளே போகிறீர்கள் என்று இருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்தைத் தாளில் எழுதி வீட்டில் ஒட்டுங்கள், போனைப் பறித்தால் போனில் உள்ள இலக்கத்தால் பயனில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகும், 2022 திருத்தமும் அதைத் தொடவில்லை. ஆகையால் விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையொப்பம் வைக்காதீர்கள்.

செய்தி வந்த மூன்றாம் நாளும் இரண்டாம் கிழமையும் அதே இடையாள் மூலம் பேசியவரை விசாரியுங்கள். பிறகு முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18க்கும் மாவீரர் நாளான நவம்பர் 27க்கும் முந்திய கிழமைகளில் இன்னொரு தரம். படலை தட்டப்படுவது பெரும்பாலும் அப்போதுதான்.